பிரசவக் கிழிசலும் இடுப்புத்தளத் தசைக் காயமும்: ராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை வழியாகச் சாயல்குடி வரை நீளும் கடற்கரை ஊர்களில், புதன்கிழமைத் தடுப்பூசி நாளன்று குழந்தைக்கு ஊசி போட்டு முடித்த பிறகு, மற்றவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்து சில பெண்கள் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்விகள் இவை. பிரசவ அறையில் செவிலியராகப் பல ஆண்டுகள் நின்றவள் என்ற முறையில் பதில்களை எழுதியிருக்கிறேன். உங்கள் காயத்தைக் கண்ணால் பார்த்த மருத்துவர் சொல்வதற்கு இது மாற்று ஆகாது.

என் சீட்டில் சுகப்பிரசவம் என்றுதான் எழுதியிருக்கிறது. அப்படியானால் எதற்காகத் தையல் போட்டார்கள்?

வயிற்றைத் திறக்காமல் குழந்தை பிறந்தால் அதைச் சுகப்பிரசவம் என்கிறோம். அந்தச் சொல்லுக்குள் தாயின் சுகம் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு கேள்வி. யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடையே உள்ள, பெரினியம் எனப்படும் சிறிய தசைப்பகுதி, குழந்தையின் தலை வெளிவரும்போது மிக அதிகமாக விரிகிறது. முதல் பிரசவத்தில் அங்கே சிராய்ப்போ கிழிசலோ வெட்டோ ஏற்படாமல் தப்புகிறவர்கள் சிலரே. பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவக் கல்லூரி, சுகப்பிரசவத்தில் முதல் குழந்தை பெறுகிறவர்களில் 10 பேருக்கு 9 பேர் வரை ஏதோ ஒரு காயம் அடைவதாகக் கூறுகிறது. ஆகவே தையல் போட்டதில் வியப்பில்லை. எந்த அளவு கிழிசலுக்குப் போட்ட தையல் என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. அதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

கிழிசலில் எத்தனை வகை உண்டு?

நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். தோலும் யோனியின் உட்தோலும் மட்டும் கிழிந்திருந்தால் முதல் நிலை. பல நேரங்களில் தையலே தேவைப்படாது. அதற்கு அடியிலுள்ள தசையும் கிழிந்திருந்தால் இரண்டாம் நிலை. பிரசவ அறையிலேயே மரத்துப்போக ஊசி போட்டுத் தைத்துவிடலாம். கிழிசல் ஆசனவாயைச் சுற்றியுள்ள சுருக்குத்தசை வரை போயிருந்தால் மூன்றாம் நிலை. மலத்தையும் காற்றையும் நாம் நினைக்கும்வரை அடக்கி வைப்பது இந்தத் தசைதான். அது வெளித்தசை, உள்தசை என்று இரண்டு அடுக்காக இருக்கிறது. வெளித்தசையில் பாதிக்குக் குறைவாகக் கிழிந்ததா, பாதிக்கு மேலா, உள்தசையும் சேர்ந்து போனதா என்பதைப் பொறுத்து மூன்றாம் நிலைக்குள்ளேயே மூன்று உட்பிரிவுகள் உண்டு. மலக்குடலின் உட்தோலும் கிழிந்து யோனியும் மலக்குடலும் ஒன்றாகத் திறந்துகொண்டால் நான்காம் நிலை.

முதல் இரண்டு நிலைகள் பெரும்பாலும் ஆறிவிடும். பின்னிரண்டும் சரியாகக் கண்டுபிடித்துத் தைக்கப்படாவிட்டால் பல ஆண்டுகள் தொல்லை தரும்.

பெரிய கிழிசல் யாருக்கு வருகிறது? முக்கத் தெரியாதவர்களுக்கா?

இல்லை. அது பிரசவித்தவளின் தவறு என்ற பேச்சை முதலில் விட்டுவிட வேண்டும். முதல் பிரசவம், 4 கிலோவுக்கு மேல் எடையுள்ள குழந்தை, குழந்தையின் முகம் மேல்நோக்கித் திரும்பியிருப்பது, தோள் சிக்கிக்கொள்வது, முக்கும் கட்டம் நீண்டுபோவது, ஆயுதம் போட்டு எடுப்பது ஆகியவை அபாயத்தைக் கூட்டுகின்றன. ஆயுதம் என்று நம் ஊரில் பொதுவாகச் சொல்வதில் இடுக்கியும் உண்டு, உறிஞ்சு கருவியும் உண்டு. இடுக்கியில்தான் அபாயம் அதிகம். கர்ப்பகாலச் சர்க்கரை குழந்தையின் எடையைக் கூட்டுவதால் அதைக் கட்டுப்படுத்துவது இந்த வகையிலும் உதவும். பிரிட்டனின் கணக்குப்படி முதல் சுகப்பிரசவத்தில் 100 பேரில் ஏறக்குறைய 6 பேருக்கும், முன்பே சுகப்பிரசவம் ஆனவர்களில் 100 பேரில் 2 பேருக்கும் மூன்றாம் அல்லது நான்காம் நிலைக் கிழிசல் ஏற்படுகிறது. அங்கு பிரசவிக்கும் தெற்காசியப் பெண்களுக்கு இது மற்றவர்களைவிடச் சற்று அதிகம் என்பதையும் கவனித்திருக்கிறார்கள்.

கத்தரித்துவிட்டால் கிழியாது என்கிறார்களே?

எல்லோருக்கும் வழக்கமாகக் கத்தரிப்பது கிழிசலைத் தடுக்காது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரையும் எல்லாப் பெண்களுக்கும் வழக்கமாகவோ தாராளமாகவோ கத்தரிப்பதை ஏற்கவில்லை. குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்து விரைவாக எடுத்தாக வேண்டிய நிலையிலும், இடுக்கி போடும் நிலையிலும் அது தேவைப்படலாம். அப்போதும் நேர் கீழாக வெட்டாமல், தோல் விரிந்திருக்கும் நேரத்தில் பக்கவாட்டில் சுமார் 60 பாகைச் சாய்வில் வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் கத்தரி முடிந்த இடத்திலிருந்து கிழிசல் ஆசனவாயை நோக்கியே ஓடும். துணியில் ஒரு வெட்டு கொடுத்துவிட்டு இழுத்தால் அதே கோட்டில் கிழிந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள்.

பிரசவத்துக்கு முன்பும் பிரசவ நேரத்திலும் என்ன செய்யலாம்?

முதல் பிரசவமாக இருந்தால் ஏறக்குறைய 34, 35 வாரங்களிலிருந்து, சுத்தமான கையால், மணமூட்டாத தேங்காய் எண்ணெய் தொட்டு, யோனி வாயின் கீழ்ப்பகுதியை மெல்ல அழுத்தி விரித்து நீவிவிடுவது தையல் தேவைப்படும் வாய்ப்பைச் சற்றுக் குறைக்கிறது. பனிக்குடம் உடைந்தவர்களும், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்களும், அங்கே புண்ணோ தொற்றோ உள்ளவர்களும் இதைச் செய்யக் கூடாது.

பிரசவ அறையில் பயன் தருவன மிக எளியவை. முக்கும் கட்டத்தில் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியைப் பெரினியத்தின் மேல் ஒற்றி வைத்திருந்தால் மூன்றாம், நான்காம் நிலைக் கிழிசல்கள் குறைகின்றன; ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கும் செய்தி இது, செலவோ ஒரு துணியும் ஒரு கிண்ணம் வெந்நீரும்தான். தலை வெளியே தெரிந்து திரும்ப உள்ளே போகாமல் நிற்கும் நேரத்தில் முக்குவதை நிறுத்திவிட்டு, வாயைத் திறந்து புஸ்புஸ்ஸென்று மூச்சுவிட வேண்டும். செவிலியர் ஒரு கையால் தலையின் வேகத்தைத் தாங்கி, மறு கையால் பெரினியத்தைத் தாங்கிக்கொள்வார். ‘முக்கு, முக்கு’ என்று நாலு பேர் ஒருசேரக் கத்துவதும், மேல்வயிற்றைப் பிடித்துக் கீழே அமுக்குவதும் இதற்கு நேர்மாறானவை. வயிற்றை அமுக்குவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை.

குழந்தை பிறந்த உடன் என்ன பரிசோதனை செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். நஞ்சு விழுந்த பிறகு, தையல் போடுவதற்கு முன்பு, நல்ல வெளிச்சத்தில் காயத்தைப் பார்த்து, உங்கள் சம்மதத்துடன் ஆசனவாய்க்குள் ஒரு விரலை வைத்துப் பரிசோதிக்க வேண்டும். உள்ளே சுட்டுவிரல், வெளியே யோனிப் பக்கம் கட்டைவிரல். இரண்டுக்கும் நடுவில் சுருக்குத்தசை முழு வளையமாகத் தட்டுப்படுகிறதா, ஓரிடத்தில் விட்டுப்போயிருக்கிறதா என்று உருட்டிப் பார்ப்பார்கள். அறுந்த தசை இரண்டு பக்கமும் உள்ளிழுத்துக்கொண்டு ஒளிந்துவிடும். மேலே தோல் கொஞ்சமாகத்தான் கிழிந்தது போலத் தெரியும். விரல் வைக்காமல் கண்ணால் மட்டும் பார்த்தால் அது இரண்டாம் நிலை என்றே எழுதப்பட்டு, தோல் தைக்கப்பட்டு, தசை அறுந்தபடியே வீட்டுக்குப் போய்விடும்.

அடுத்தடுத்து மூன்று பிரசவங்கள் விழுந்த ஓர் இரவில் நானே இந்த விரல் பரிசோதனையை விட்டிருக்கிறேன். அந்தப் பெண் ஐந்து மாதம் கழித்து வந்து, தொழுகைக்கு நிற்கும்போது காற்று அடங்கவில்லை என்று அழுதாள். அதன் பிறகு ஒருவருக்கும் நான் அதை விட்டதில்லை.

வீட்டுக்கு அனுப்பும் முன்பு கேளுங்கள்: ‘எத்தனாவது நிலைக் கிழிசல்? பின்வழியில் விரல் வைத்துப் பார்த்தீர்களா?’ பதிலைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மூன்றாம் நிலை என்றதும் ராமநாதபுரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயே தைத்திருக்கலாமே?

அனுப்பியது சரிதான். அறுந்த தசையின் இரு முனைகளையும் தேடி எடுத்துச் சேர்க்க நல்ல வெளிச்சமும், பயிற்சி பெற்ற மருத்துவரும், முதுகில் போடும் மயக்க ஊசியும் வேண்டும். தசை தளர்ந்தால்தான் முனைகள் வெளியே வரும். ஆகவே அது அறுவை அரங்கில் நடக்க வேண்டிய வேலை. இரத்தப்போக்கை அடக்கிவிட்டால் சில மணி நேரத் தாமதத்தால் தையலின் பலன் கெடுவதில்லை. ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். 108 வண்டியில் பாலத்தைத் தாண்டிப் போய்த் தேர்ந்த கையில் தைத்துக்கொள்வது, அவசரத்தில் அரைகுறையாகத் தைத்துக்கொள்வதைவிட மேல். முறையாகத் தைக்கப்பட்டவர்களில் 100 பேருக்கு 60 முதல் 80 பேர் ஓராண்டு முடிவில் எந்தத் தொல்லையும் இல்லாமல் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு புண்ணை எப்படிப் பார்த்துக்கொள்வது? பத்தியம் இருக்கலாமா?

முதல் இரண்டு நாள், வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைக்கலாம். பனிக்கட்டியை நேரடியாகத் தோலில் வைக்க வேண்டாம். மலம், சிறுநீர் கழித்த ஒவ்வொரு முறையும் முன்னிருந்து பின்னாகக் கழுவி, ஒற்றித் துடைக்க வேண்டும். கரையோர வீடுகளில் ஆழ்குழாய்த் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும். புண் எரிகிறது என்றால் அதற்கு மட்டுமாவது குடிக்கும் நல்ல தண்ணீரை வெதுவெதுப்பாக்கிப் பயன்படுத்துங்கள். அகலமான பேசினில் வெதுவெதுப்பான நீர் வைத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் வலி குறையும். அதில் உப்புப் போடுவதால் புண் விரைவில் ஆறுவதாக நிரூபணம் இல்லை. மஞ்சள், வேப்பிலை, சாம்பல், எண்ணெய் எதையும் தையலின் மேல் பூச வேண்டாம். உயரத்திலிருந்து கொதிக்கக் கொதிக்க வெந்நீரை விளாவி அடிப்பதும் வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால் போடலாம், பாலூட்டுவதற்கு அது தடையில்லை. தையல் நூல் தானாகக் கரைந்துவிடும். சில வாரங்களில் நூல் துண்டு விழுந்தால் பயப்பட வேண்டியதில்லை.

பத்தியத்தில் எனக்கு ஒரே சண்டைதான், அது தண்ணீரைப் பற்றியது. ‘பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும்’ என்று மாமியாரும் அம்மாவும் சேர்ந்து அரை டம்ளரோடு நிறுத்திவிடுகிறார்கள். காய், கீரை கிடையாது. கருவாட்டுக் குழம்பும் பூண்டும் சோறும் மட்டும். போதாததற்கு இரும்புச் சத்து மாத்திரை வேறு மலத்தை இறுக்கும். நாலாம் நாள் கல்லாகிப்போன மலத்தை முக்கி வெளியேற்றும்போது புதுத் தையலின் மேல்தான் முழு அழுத்தமும் விழுகிறது. பால்சுறாப் புட்டு தாராளமாகச் சாப்பிடுங்கள். நல்ல புரதம், தசை ஆறுவதற்கு அது வேண்டும். அதோடு முருங்கைக்கீரையும் பழமும், தாகம் தீரத் தண்ணீரும் வேண்டும். மாத்திரையை நிறுத்தாதீர்கள். மூன்றாம், நான்காம் நிலைத் தையல் உள்ளவர்களுக்கு மலம் இளகுவதற்கான மருந்தும் நோய்த்தொற்றுத் தடுப்பு மருந்தும் தருவார்கள். அவற்றைச் சொன்ன நாள்வரை எடுக்க வேண்டும். ‘மலம் நன்றாகப் போகிறதே’ என்று பாதியில் விட்டுவிடக் கூடாது.

எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது?

காய்ச்சல், குறையாமல் கூடிக்கொண்டே போகும் வலி, துர்நாற்றமுள்ள கசிவு, தையல் விட்டுப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, மலமோ காற்றோ யோனி வழியாக வருவது, ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுவதும் நனையும் அளவுக்கு இரத்தப்போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாற்பது நாள் வாசல் தாண்டக் கூடாது என்ற வழக்கம் இதற்குப் பொருந்தாது.

காற்றை அடக்க முடியவில்லை, மலம் வருகிறது என்றால் ஓடவேண்டியிருக்கிறது. யாரிடம் சொல்வது?

சொல்லுங்கள் என்பதே பதிலின் முதல் பாதி. இதைச் சொல்லாமல் மறைக்கப் பெண்கள் செய்யும் ஏற்பாடுகள் ஏராளம்: கல்யாண வீட்டுக்குப் போகும் நாளில் காலையிலிருந்து பட்டினி கிடப்பது, பேருந்தில் கடைசி இருக்கையைத் தேடுவது, ஒன்றுக்கு இரண்டாக உள்பாவாடை கட்டுவது, கழிப்பறை இல்லாத வீட்டுக்கு விருந்துக்கே போகாமல் இருப்பது. முதல் சில வாரங்களில் சிறிதளவு இருந்து சரியாகிவிடுவது உண்டு. ஆறு வாரத்துக்குப் பிறகும் தொடர்ந்தால் சுருக்குத்தசை முழுமையாக இருக்கிறதா என்று ஆசனவாய் வழியே ஸ்கேன் செய்து பார்க்கலாம், தசையின் பிடிப்பு அழுத்தத்தையும் அளக்கலாம். உடற்பயிற்சி, உணவு மாற்றம், மருத்துவர் தரும் மாத்திரை என்று படிப்படியாகப் போய், தேவையானால் தசையை மீண்டும் தைக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு.

இருமினால், தும்மினால் சிறுநீர் சொட்டுகிறது. பயிற்சியால் சரியாகுமா?

பெரும்பாலோருக்குக் குறையும், பலருக்கு நின்றே போகும். இந்தப் பயிற்சியை 1948இல் விளக்கி எழுதிய அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகலின் பெயரால் கெகல் பயிற்சி என்கிறார்கள். செய்முறை இதுதான்: நாலு பேர் நடுவில் காற்றை அடக்குவதுபோல ஆசனவாயையும், சிறுநீரை அடக்குவதுபோல முன்பகுதியையும் சேர்த்து உள்ளிழுத்து மேலே தூக்குங்கள். வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. முதலில் மூன்று, நான்கு எண்ணும்வரை பிடித்து, போகப்போகப் பத்து எண்ணும்வரை கொண்டுபோகலாம். விட்ட பிறகு அதே நேரம் முழுதாகத் தளர்த்த வேண்டும். தளர்த்துவதும் பயிற்சியில் பாதி. ஒரு வேளைக்கு எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். குழந்தைக்குப் பாலூட்ட உட்காரும்போதெல்லாம் செய்தால் மறக்காது. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பார்ப்பதையே பயிற்சியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

இருமும்போது சொட்டுவது வேறு, இரவும் பகலும் நிற்காமல் ஒழுகுவது வேறு. பிரசவ வலி நீண்டு தலை சிக்கிக்கொண்டவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்து அப்படி ஒழுகக்கூடும். அதற்குப் பயிற்சி உதவாது. உடனே மருத்துவமனைக்குப் போனால் சிறுநீர்க் குழாய் வைத்தோ அறுவை சிகிச்சை செய்தோ சரிசெய்வார்கள்.

‘அடி இறங்கிவிட்டது’ என்கிறார்களே, அது என்ன?

கருப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தொட்டில் துணிபோலத் தாங்குபவை இடுப்புத்தளத் தசைகள். பிரசவத்தில், குறிப்பாக இடுக்கி போட்ட பிரசவத்தில், இந்தத் தசையின் ஒரு பக்கம் இடுப்பு எலும்பிலிருந்தே பிய்ந்துவிடலாம். தையல் போடும் இடத்துக்கு மேலே, உள்ளே நடப்பதால் அப்போது யாருக்கும் தெரியாது. தொட்டிலின் ஒரு முனை அவிழ்ந்த கதைதான்: வருடங்கள் கழித்து உள்ளுறுப்புகள் கீழே சரிகின்றன. மாலையில் அடிவயிறு கனப்பதும், யோனி வாயில் உருண்டையாக ஏதோ தட்டுப்படுவதும், மலம் கழிக்க விரலால் அழுத்த வேண்டியிருப்பதும் இதன் அடையாளங்கள். இறக்கம் குறைவாக இருந்தால் பயிற்சி போதும். நடுத்தரமாக இருந்தால் சிலிக்கோன் வளையம் ஒன்றை உள்ளே பொருத்தித் தாங்க வைக்கலாம். அளவு பார்த்துப் பொருத்துவதும், அவ்வப்போது எடுத்துக் கழுவுவதும்தான் வேலை. அதிகமாக இருந்தால் அறுவை சிகிச்சை. கருப்பையை எடுத்துவிடுவது மட்டுமே வழி என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

எத்தனை நாளில் குடம் தூக்கலாம், பாசி எடுக்கக் கடலில் இறங்கலாம்?

நிறைகுடம் ஒன்று ஏறக்குறைய 15 கிலோ. ஆறு வாரம்வரை உங்கள் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்காமலிருப்பது நல்லது. மூன்றாம், நான்காம் நிலைத் தையல் உள்ளவர்கள் மூன்று மாதம்வரை பொறுக்கலாம். தள்ளுவண்டியில் தண்ணீர் எடுப்பவர்கள் குடத்தை வண்டியில் ஏற்றி இறக்கும் வேலையை மட்டும் வேறொருவரிடம் விட்டாலே பாதிச் சுமை குறைந்துவிடும்.

பாசி எடுக்கும் பெண்களுக்கு நான் சொல்வது: இரத்தப்போக்கு முழுதாக நின்று, புண் மூடி, பரிசோதனை முடியும்வரை இடுப்பளவுத் தண்ணீரில்கூட நிற்க வேண்டாம். அதன் பிறகும் ஆபத்து முங்குவதில் அவ்வளவாக இல்லை. நனைந்த மரிக்கொழுந்துப் பாசி நிறைந்த சாக்கை வள்ளத்தின் மேல் எக்கித் தூக்குவதிலும், 45 நாள் வளர்ந்த பாசியோடு மூங்கில் தெப்பத்தைக் கரைக்கு இழுப்பதிலும்தான் அடிவயிற்று அழுத்தம் முழுவதும் கீழே இறங்குகிறது. தூக்குவதற்கு முன்பு இடுப்புத்தளத் தசையை இறுக்கி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்குங்கள். கூட்டாக வேலை செய்கிறவர்கள் முதல் சில மாதம் பாசியைக் காயவைக்கும் வேலையைப் பச்சை உடம்புக்காரிக்கு ஒதுக்கலாம். பல ஊர்களில் இதைச் சொல்லாமலே செய்கிறார்கள்.

கணவர் ஊருக்கு வருகிறார். எப்போது சேரலாம்?

புண் ஆறி, இரத்தப்போக்கு நின்று, உங்களுக்கு மனமும் இருந்தால் சேரலாம்; வழக்கமாக ஆறு வாரம், பெரிய கிழிசலுக்கு அதைவிடக் கூடுதல். விசா முடியும் நாளோ படகு கடலுக்குப் போகும் நாளோ இதைத் தீர்மானிக்கக் கூடாது. பாலூட்டும் காலத்தில் யோனி வறண்டிருப்பது இயல்பு. மருந்துக்கடையில் கிடைக்கும் நீர் கலந்த களிம்பு உதவும். ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் தேங்காய் எண்ணெய் தடவினால் உறை பிய்ந்துவிடும். மாதவிலக்கு வராத நிலையிலும் கரு தங்கலாம். வலி நீடித்தால் பொறுத்துக்கொள்ளாமல் காட்டுங்கள்.

அடுத்த குழந்தைக்கு ஆபரேஷன்தானா?

கட்டாயமில்லை. முன்பு மூன்றாம், நான்காம் நிலைக் கிழிசல் ஏற்பட்டவர்களில், அடுத்த சுகப்பிரசவத்தில் அது மீண்டும் வருவது 100 பேரில் 5 முதல் 7 பேருக்குத்தான். இப்போது காற்றும் மலமும் அடங்குகின்றன என்றால் சுகப்பிரசவத்துக்கு முயலலாம். தொல்லை இருந்தாலோ, ஸ்கேனில் தசை அறுந்து தெரிந்தாலோ சிசேரியன் பற்றி மருத்துவரோடு பேச வேண்டும். பழைய சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எங்கே போவது? பணம் செலவாகுமா?

முதலில் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சொல்லுங்கள். அங்கிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், தேவைப்பட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கும் எழுதி அனுப்புவார்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளரும் இருக்கிறார். பயிற்சியைச் சரியாகச் செய்கிறேனா என்று அவரிடம் கேட்கலாம். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் அரசின் மருத்துவ ஆலோசனைத் தொலைபேசி எண்ணான 104இல் பேசலாம்.

எனக்கு ஐம்பத்தைந்து வயது. கடைசிப் பிள்ளை பிறந்தே இருபத்தைந்து வருடம் ஆகிறது. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மாதவிலக்கு நிற்கும் வயதில்தான் பழைய காயங்கள் பலருக்கு வெளியே தெரிய வருகின்றன; அதுவரை ஈடுகொடுத்த மற்றத் தசைகள் அப்போது தளர்கின்றன. அந்த வயதிலும் பயிற்சி பலன் தரும், வளையம் பொருத்தலாம், அறுவை சிகிச்சையும் செய்யலாம். கருவாட்டுக் கூடை சுமந்த ஓர் அம்மா, பதினெட்டு வருடம் பழைய சேலைத் துணியை மடித்து அண்டக் கொடுத்துக்கொண்டே சந்தைக்குப் போய்வந்தவர், வளையம் பொருத்திய மறுவாரம் வந்து என்னிடம் கேட்டது ஒன்றுதான்: இதை ஏன் முன்பே யாரும் சொல்லவில்லை? மருத்துவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாவிட்டால் இப்படியே சொல்லுங்கள்: ‘பிரசவத்தில் தையல் போட்டார்கள். அதிலிருந்து எனக்குக் கீழே அடங்குவதில்லை. பரிசோதித்துப் பாருங்கள்.’